எக்ஸ்ரே அறையில் கழுவிய கல்யாணப் படம்

என் வேலை எக்ஸ்ரே எடுப்பது. ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே மற்றவர்களின் எலும்புகளைப் படம்பிடித்துக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் கோலாலம்பூர் விமான நிலையத்தில், “இந்த ஃபிலிம் ரோலை மட்டும் எக்ஸ்ரே பெட்டிக்குள் விடாதீர்கள், ஃபிலிம் கெட்டுப்போகும், கையிலேயே சோதித்துக்கொள்ளுங்கள்” என்று மன்றாடிக்கொண்டு நின்றேன். சோதனை செய்த மலாய்க்காரப் பெண், “அப்படி என்ன பயம்? நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்?” என்று கேட்டாள். சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது. ரோலைக் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

2009 ஆவணி மாதம். என் சித்தப்பா மகள் மல்லிகாவின் பெண் கவிதாவுக்குச் சிதம்பரத்தில் கல்யாணம். சித்தப்பா எழுபதுகளில் மலேசியாவை விட்டு ஊர் திரும்பியவர். நாங்கள் அங்கேயே தங்கிவிட்டவர்கள். என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் நானும் என் கேமராவும் மட்டும் கிளம்பினோம்.

கேமராவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ் உள்ள பழைய பெட்டிக் கேமரா. கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மேல்மூடியைத் திறந்து, குனிந்து பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் கண்ணாடியில் உலகம் இடம் வலம் மாறித் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. மருத்துவமனை இருட்டறையில் வேலை முடிந்தபிறகு என் படங்களை நானே கழுவுவேன். கல்யாணம், குழந்தைகள் என்று வந்ததும் கேமரா அலமாரிக்குள் போய்விட்டது. பெரியவன் பள்ளிக்கூடம் போனதும் வெளியே வந்தது. சின்னவள் பிறந்ததும் மறுபடி உள்ளே போனது. ஒருமுறை ‘இனி வேண்டாம்’ என்று தம்பி மகனுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டே மாதத்தில் வெட்கத்தை விட்டுத் திருப்பிக் கேட்டு வாங்கினேன். “இது உனக்குப் பொழுதுபோக்கு இல்லை, காய்ச்சல். விட்டு விட்டு வருது” என்பார் என் வீட்டுக்காரர்.

இந்தத் தடவை ஈப்போவில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு கறுப்பு வெள்ளை ரோல். பன்னிரண்டு படம் எடுக்கலாம்.

சிதம்பரத்தில் இறங்கிய முதல் நாள் தூக்கத்திலேயே போனது. இரண்டாம் நாள் காலையில் மல்லிகா இட்லிக்குக் கத்திரிக்காய் கொத்சு வைத்துக் கொடுத்தாள். எங்கள் ஊரில் இட்லிக்குச் சாம்பார்தான். கொத்சு என்ற ஒன்று இருப்பதே எனக்கு மறந்திருந்தது. எத்தனை இட்லி சாப்பிட்டேன் என்பதை எழுதப்போவதில்லை. பிறகு தேரோடும் வீதிகளில் நடந்தேன். ஈப்போவில் கார்க்காரன் ஹாரன் அடித்தால் கோபமாக இருக்கிறான் என்று பொருள். இங்கே அடித்தால் நலம் விசாரிக்கிறான் என்று பொருள். கிழக்குக் கோபுரத்தை முதல் படமாக எடுத்தேன். குனிந்து கேமராவுக்குள் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் ஒரு பூக்காரம்மா, “என்னாம்மா தேடறே? எதுனா கீழ விழுந்துடுச்சா?” என்று கேட்டு, தானும் தரையில் தேட ஆரம்பித்தார்.

மதியம் வெங்காயம் உரித்துக்கொண்டே மல்லிகா சமாச்சாரத்தைச் சொன்னாள். மாப்பிள்ளை ஸ்டீபன் கடலூர்ப் பையன். கவிதாவோடு ஒரே ஆபீஸில் வேலை. அம்மா இல்லை. அப்பா ஆரோக்கியசாமி ரிட்டையர்டு வாத்தியார். சர்ச்சில் நடக்காத கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஒரு வருடமாக அப்பனும் மகனும் பேச்சில்லை.

“சர்ச்சும் வேணாம், அய்யரும் வேணாம், பெரியவுங்க முன்னாடி தாலி கட்டிக்கிறோம்னு புள்ளைங்க ரெண்டும் முடிவு பண்ணிடுச்சிங்கக்கா. எங்க பக்கம் எப்படியோ சமாளிச்சிட்டோம். அவுங்கப்பா மட்டும் மசியல. மாப்பிள்ள வெளிய காட்டிக்க மாட்டாரு. ஆனா பாவம்க்கா” என்றாள்.

மூன்றாம் நாள் கல்யாணம். மண்டபத்து மேடையில் வீடியோ விளக்கு கண்ணைப் பறித்தது. டிஜிட்டல் கேமராவோடு இரண்டு பேர் மணமக்களை மறைத்துக்கொண்டே நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் எனக்கு வேலையில்லை. பின்பக்கம் போய்விட்டேன். அங்கே பக்கவாட்டு ஜன்னல் வழியாக நல்ல வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்துக்காகவே காத்திருந்தேன். யாராவது வந்து நிற்க மாட்டார்களா என்று கேமராவுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, நரைத்த தலையோடு ஒருவர் வந்து நின்றார்.

“அம்மா, தாலி கட்டியாச்சா?”

“இல்லைங்க, இனிமேதான்” என்றேன், நிமிராமலேயே. ஃபோகஸைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

நாதஸ்வரம் வேகமெடுத்தது. எல்லோரும் எழுந்து அட்சதை போட்டார்கள். இவர் மட்டும் வலது கையைச் சற்று உயர்த்தினார். நான் பொத்தானை அழுத்தினேன். நல்ல படம் என்று மனதுக்குப் பட்டது. ரோலைச் சுற்றிவிட்டு நிமிர்ந்தபோது அவர் அங்கே இல்லை. நான் பந்திக்குப் போய்விட்டேன்.

மாலையில் வீட்டில் எல்லோரும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது, மண்டப வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த உறவினர் ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “மாப்பிள்ள ஜாடையில ஒருத்தர் வந்தாருப்பா. எந்த ஊருன்னேன், கடலூர்ன்னாரு. சாப்ட்டுப் போங்கன்னேன், நிக்காமப் போயிட்டாரு.”

ஸ்டீபன் கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். “எங்கப்பா வரமாட்டாருங்க” என்றான்.

எனக்குச் சட்டென்று ஜன்னலோரம் நின்றவர் நினைவுக்கு வந்தார். சொன்னேன். ஸ்டீபன் தன் செல்போனில் அப்பாவின் படத்தைத் தேடி எடுத்து நீட்டினான். நான் அந்த மனிதரை முழுதாகப் பார்க்கவே இல்லை. இடம் வலம் மாறிய, தீப்பெட்டி அளவு உருவமாகத்தான் பார்த்தேன். “இருக்கலாம் தம்பி. சத்தியம் பண்ண முடியாது” என்றேன்.

“நரச்ச தலை கடலூர்ல எத்தினி பேருக்கோ இருக்குது பெரியம்மா” என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனான்.

கவிதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இன்னும் சில நாளில் இருவரும் ஹைதராபாத் போகிறார்கள். அங்கே வேலை மாற்றல். “போறதுக்கு முன்னாடி ஒரு தடவ அவுங்க வீட்டுக்குப் போலாம்னு கேட்டுக்கிட்டே இருக்கேன் பெரியம்மா. கதவ சாத்திட்டா என்னால தாங்க முடியாதுன்றாரு. அப்பா வந்திருந்தாருன்னு தெரிஞ்சா மட்டும் போவாராம். அந்தப் படத்த இப்பவே பாக்க முடியாதா?”

வீடியோக்காரர்களுக்குப் போன் போட்டோம். அவர்கள் மேடையைத் தவிர எதையும் எடுக்கவில்லை.

நான்காம் நாள் காலை, சிதம்பரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். ரோலைக் கையில் வாங்கிப் பார்த்தவர் அன்பாகச் சிரித்தார். “பிளாக் அண்ட் ஒயிட்டா? கலர்ல எடுத்துட்டு வாங்கம்மா, கம்ப்யூட்டர்ல போட்டுக் கலர எடுத்து விட்டுடறேன்.” இதைக் கழுவ வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டும், வந்து சேர பத்து நாளாவது ஆகும் என்றார். கடலூரில் யாராவது இருக்கலாம், போய்ப் பாருங்கள் என்று அவரே ஒரு யோசனையும் சொன்னார்.

நானும் கவிதாவும் கடலூர் பஸ்ஸில் ஏறினோம். ஸ்டீபன் வரவில்லை என்று சொல்லியிருந்தான். பஸ் நகர ஆரம்பித்தபோது ஓடிவந்து பின்படியில் தொற்றி ஏறினான். கண்டக்டர் திட்டினார். அவன் பின்சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டான்.

ஆலப்பாக்கம் அருகே பஸ் பஞ்சர். எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். எங்கள் ஊராக இருந்தால் வேறு பஸ் வரும் வரை ஆளாளுக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார்கள். இங்கே டயர் கழற்றுவதற்கு முன்பே முந்திரிக்கொட்டை வறுத்து விற்கும் ஒரு பெண்ணைச் சுற்றிக் கூட்டம் கூடி, யார் வீட்டுக் கல்யாணம், எவ்வளவு தூரம் என்று பேச்சு கிளம்பிவிட்டது. என்னைப் பார்த்து, “பேச்சு ஒரு மாதிரியா இருக்குதே, சிலோனா?” என்றார் ஒருவர். மலேசியா என்றேன். “அங்கயும் பஸ் பஞ்சராவுமா?” என்று கேட்டார். ஆகும் என்றதும் அவருக்கு நிம்மதி.

கீரப்பாளையத்திலிருந்து வந்த ஒரு விவசாயி கையில் மாவுக்கட்டோடு நின்றார். இன்னொரு கையில் பெரிய உறை. அதிலிருந்து எக்ஸ்ரேயை உருவி வெயிலுக்கு நேராகப் பிடித்து, “சேந்துடுச்சான்னு பாரு சார்” என்று கண்டக்டரிடம் காட்டினார். கண்டக்டரும் வெகு தீவிரமாகப் பார்த்தார். தொழில் புத்தி, நானும் எட்டிப் பார்த்தேன்.

எலும்பை நான் பார்க்கவில்லை. எக்ஸ்ரேயின் ஓரத்தில் ஒரு விரல் ரேகை பழுப்பாகப் பதிந்திருந்தது. கீழே தண்ணீர் வடிந்த தடம். மெஷினில் கழுவிய எக்ஸ்ரேயில் இப்படி வராது. இதை யாரோ இருட்டறையில், மருந்துத் தொட்டியில் முக்கிக் கையால் கழுவியிருக்கிறார்கள். எக்ஸ்ரே மருந்தும் ஃபிலிம் மருந்தும் ஏறக்குறைய உறவுக்காரர்கள். நான் படம் கழுவப் பழகியதே அந்த மருந்தில்தான்!

“ஐயா, இதை எங்கே எடுத்தீங்க?” என்றேன்.

“மஞ்சக்குப்பத்துலம்மா. மைதானத்தாண்ட, மாடியில. ஒரு பொம்பளப்புள்ளதான் எடுத்துது. ஏம்மா, எலும்பு சேரலியா?”

“எலும்பைப் பத்தி டாக்டர்தான் சொல்லணும். படம் நல்லா வந்திருக்கு” என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

பஸ் மறுபடி கிளம்பிக் கடலூர் முதுநகர் வழியாகப் போனது. அங்கே ஒரு தெருமுனை வந்ததும் ஸ்டீபன் தலையை எதிர்ப்பக்க ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டான். கவிதா என் கையைத் தொட்டு, “இங்கதான் அவுங்க வீடு” என்றாள் மெதுவாக.

மஞ்சக்குப்பத்து மாடியில் இருந்த பெண்ணின் பெயர் நூர்ஜஹான். முப்பது வயதிருக்கும். தலையில் முக்காடு, வெள்ளை கோட்டு, கோட்டுப் பையில் ஒரு பாக்கெட் பிஸ்கட். நான் என் கதையைச் சொல்லச் சொல்ல அவள் பிஸ்கட் தின்பதை நிறுத்திவிட்டாள்.

“எனக்குப் புரியலக்கா. எலும்புப் படம் கழுவுற தண்ணியில கல்யாணப் படம் வருமா?”

“வரும்.”

“டாக்டர் சாயங்காலம்தான் வருவாரு. அவரக் கேக்காம நான் எப்படி விடறது?” என்று சொல்லிவிட்டுக் கதவோரம் நின்ற ஸ்டீபனைப் பார்த்தாள். “அது அவுங்கப்பாவா இல்லியான்னு பாக்கறதுக்குத்தானா இம்மாம் தூரம்?”

ஸ்டீபன் தலையை மட்டும் ஆட்டினான்.

அவள் டாக்டருக்குப் போன் போட்டாள். மறுமுனையில் அவர் சொன்னதை எங்களுக்கு அப்படியே ஒப்பித்தாள்: “பேஷண்டு யாரும் இல்லன்னா பண்ணிக்கட்டும், ஆனா மருந்த பாழ் பண்ணாதீங்கன்னு சொல்றாரு. வாங்கக்கா.”

இருட்டறைக்குள் போனதும் வினிகர் போன்ற அந்தப் புளித்த வாசனை. இத்தனை தூரம் வந்து என் வேலைக்கே திரும்பி வந்துவிட்டது போலிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. “இதையும் அணைக்கணும்” என்றேன்.

“சிவப்பு லைட்டு ஒண்ணும் பண்ணாதேக்கா!”

“எக்ஸ்ரேயை ஒண்ணும் பண்ணாது. இந்த ஃபிலிமுக்குச் சிவப்பும் தெரியும். கறுத்துப்போகும்.”

அணைத்தாள். கண்ணுக்கு முன் கையை ஆட்டினாலும் தெரியாத இருட்டு. மருந்து எவ்வளவு கடுமையானது, ஆவணி வெயிலில் எவ்வளவு சூடு ஏறியிருக்கும், எனக்குத் தெரியாது. ஃபிரிட்ஜ் தண்ணீரைக் கலந்து ஒரு தட்டில் ஊற்றி வைத்திருந்தேன். ஆனால் தவறாகிவிட்டால் திரும்ப எடுக்கக்கூடிய படம் இல்லை இது. அதனால் முதலில் ஒரு துண்டு வெட்டிப் பார்க்க முடிவு செய்தேன். ரோலின் ஒரு முனை, அதோடு சேர்த்துச் சுற்றியிருக்கும் காகிதத்தோடு பசைப்பட்டை போட்டு ஒட்டியிருக்கும். அந்தப் பக்கம்தான் முதல் படம், கிழக்குக் கோபுரம். பட்டையைத் தடவிக் கண்டுபிடித்து, ஒரு கை அகலத்துக்கு வெட்டினேன். மீதியை எக்ஸ்ரே டப்பாவுக்குள் வைத்து மூடினேன்.

கோபுரம் மையாகக் கறுத்துப்போய் வந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்த நூர்ஜஹான், “அய்யய்யோ, போச்சா?” என்றாள்.

“இது போனதாலதான் மத்தது பிழைக்கும்” என்றேன் தைரியமாக.

மருந்தில் இன்னும் தண்ணீர் சேர்த்தேன். நேரத்தைப் பாதியாகக் குறைத்தேன். மறுபடி இருட்டு. ஃபிலிமின் இரண்டு முனைகளையும் பிடித்து, ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் தட்டில் தோய்த்து எடுத்தேன். வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். இருட்டுக்குள் நூர்ஜஹான் ஏதோ முணுமுணுத்தாள்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்லக்கா, துஆ கேக்கறேன். நீங்க எண்ணுறத விட்டுடாதீங்க.”

படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸர் மருந்தில் போட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்து விளக்கைப் போட்டோம். கழுவிக்கொண்டிருக்கும்போதே தெரிந்தது, படங்கள் இருந்தன. சற்றுக் கரடுமுரடாக, ஆனால் இருந்தன. ஈரத்தோடு எடுத்துப்போய் எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியில், யாருடைய நுரையீரலுக்கோ பக்கத்தில் மாட்டினோம். கவிதாவும் ஸ்டீபனும் உள்ளே வந்தார்கள்.

நடுவில் ஜன்னல். அதன் ஓரம் ஒரு மனிதர். நெகடிவ் என்பதால் நரைத்த தலை கறுப்பாகவும் முகம் இருட்டாகவும் இருந்தது. ஸ்டீபன் அருகில் போனான், விலகி நின்று பார்த்தான். “தெரியல பெரியம்மா” என்றான். முகம் தெரிய வேண்டுமென்றால் பிரிண்ட் போட வேண்டும். அந்த வசதி அங்கே இல்லை. எனக்கு உட்கார்ந்து அழலாம் போலிருந்தது.

“இருங்க, இருங்க” என்று நூர்ஜஹான் தன் செல்போனை எடுத்தாள். “எங்க வீட்டுப் புள்ளைங்க பேய் மாதிரி போட்டோ எடுத்து வெளையாடும். அதுல நெகடிவ்னு ஒண்ணு இருக்குது.” எதையோ அழுத்தி, விளக்குப் பெட்டிக்கு நேராகப் போனைப் பிடித்தாள். கறுப்பு வெளுப்பானது, வெளுப்பு கறுப்பானது. சின்னத் திரையில் ஒரு நரைத்த மனிதர் எங்கள் முன் வந்து நின்றார். கண்களை மூடியிருந்தார். உயர்த்திய வலது கை பாதி வழியில் நின்றிருந்தது. அது சிலுவை போடும் கை.

ஸ்டீபன் அந்தப் போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். “கண்ண மூடிட்டு ஜெபம் பண்றாரு” என்றான். கவிதா அவன் முதுகில் கை வைத்தாள். நூர்ஜஹான் எல்லோருக்கும் பிஸ்கட் நீட்டினாள்.

முதுநகருக்கு ஷேர் ஆட்டோவில் போனோம். ஓட்டு வீடு, வாசலில் துவைத்த வேட்டி காய்ந்தது. ஸ்டீபன் படியருகே நின்றுவிட்டான். கதவைத் தட்டியது கவிதாதான்.

அவர் கதவைத் திறந்தார். மகனைப் பார்த்தார்.

“மாமா, நான் கவிதா” என்றாள் அவள்.

“தெரியும்மா. நேத்துதான் பாத்தேனே” என்றார் அவர். சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது போலும். பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

ஸ்டீபன் படியேறி வந்தான். “அப்புறம் ஏம்ப்பா சாப்பிடாம வந்தீங்க?”

“சாப்பிட உக்காந்தா நாலு பேரு யாருன்னு கேப்பாங்க. வரமாட்டேன்னு சொன்னவன் நான்தானடா. எந்த வாயால அப்பான்னு சொல்றது?” அவர் கதவை முழுதாகத் திறந்தார். “வீட்ல இருக்கணும்னுதான் உக்காந்திருந்தேன். நேரமாவ ஆவ முடியல. எழுந்து நடந்தேன், பஸ் ஸ்டாண்டு வந்துடுச்சி. உள்ள வாங்க. அம்மா, நீங்களும் வாங்க.”

நான் உள்ளே போனதும் என்னை உற்றுப் பார்த்தார். “நீங்கதானே தாலி இன்னும் கட்டலன்னு சொன்னது? ஏதோ டப்பாவக் குனிஞ்சி பாத்துக்கிட்டு இருந்தீங்க. போட்டோ எடுக்கறீங்கன்னு தெரிஞ்சிருந்தா நகந்திருப்பேன்.”

“நல்லவேளை, தெரியலை” என்றேன்.

வீட்டில் ஒரு ஆளுக்குத்தான் சோறு இருந்தது. ஸ்டீபன் துறைமுகப் பக்கம் போய் மீன் வாங்கி வந்தான். ஆரோக்கியசாமியே குழம்பு வைத்தார். உப்பு சற்று ஜாஸ்திதான், யாரும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அவர் கவிதாவிடம் கேட்டார்: “நாளைக்கு ஞாயித்துக்கிழம. சர்ச்சுக்குப் பூசைக்குப் போவேன். மதம் மாறணும்னு எல்லாம் சொல்லலம்மா. சும்மா ரெண்டு பேரும் வந்து பக்கத்துல உக்காந்தாப் போதும்.”

கவிதா கொஞ்சம் யோசித்தாள். “பொட்டு வெச்சிட்டு வரலாமா மாமா?”

“உன் நெத்தி, உன் இஷ்டம்” என்றார் அவர். “யாராவது கேட்டா என் மருமகள்னு சொல்லிக்கிறேன்.”

பொழுது சாய்வதற்குள் நான் மட்டும் சிதம்பரம் பஸ் பிடித்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது, பஞ்சரும் ஆகவில்லை. பாதி வழியில் மல்லிகா போன் செய்தாள். காலையிலிருந்து யாரும் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. “எங்கக்கா இருக்கீங்க? புள்ளைங்க எங்க? என்னாச்சு?” என்று படபடத்தாள்.

“நான்தான் வரேன். அவங்க ரெண்டு பேரும் கடலூர்லயே தங்கிட்டாங்க. அவங்க வீட்ல” என்றேன்.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, “மாத்துத்துணி கூட எடுத்துட்டுப் போகலியேக்கா அதுங்க!” என்றாள். “நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுக்கு நாங்களே எடுத்துட்டுப் போறோம். வெறுங்கையோட போக முடியாது. ஆமா, சம்பந்திக்குச் சுகர் இருக்குதா? கேட்டீங்களா? இனிப்பா வாங்கறதா, காரமா வாங்கறதா?”